கணக்கில் வராத பயணச் செலவு

அப்பாவின் பழைய டைரிகளை அடுக்கி வைத்தபோது 1996ஆம் ஆண்டு டைரி கையில் அகப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் டெல்லி, ஆக்ரா, காசி என்று குடும்பத்தோடு போய்வந்தோம். அப்பா மத்திய அரசு ஊழியர். விடுப்புப் பயணச் சலுகையில், அதாவது எல்டிசியில் போன பயணம் அது. டைரியின் கடைசிப் பக்கங்களில் பதினான்கு நாள் செலவையும் எழுதி வைத்திருந்தார். ரயில் டிக்கெட், ஆட்டோ, லாட்ஜ் வாடகை, நுழைவுச் சீட்டு, போர்ட்டர் கூலி, வாழைப்பழம், தலைவலி மாத்திரை. இரண்டு ரூபாய்கூட விடுபடவில்லை. ஆனால் ஓட்டல் சாப்பாடு என்ற வரி நான்கே இடத்தில்தான் இருந்தது. அப்பா, அம்மா, அப்பத்தா, நான், தம்பி என்று ஐந்து பேர் பதினான்கு நாளும் என்ன சாப்பிட்டோம்?

அம்மா சமைத்ததைச் சாப்பிட்டோம். ஒரு பெட்டி நிறைய கரண்ட் அடுப்பு, குக்கர், அரிசி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் வந்தன. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே அம்மா முறுக்கு சுட்டு, இட்லிப் பொடி திரித்து, ரயிலுக்குப் புளியோதரை கட்டினார். எல்டிசி பயணக் கட்டணத்தை மட்டுமே திருப்பித் தரும். தங்குவதும் சாப்பிடுவதும் நம் பாடு. ஒரு குமாஸ்தாவின் சம்பளத்தில் எங்களால் இந்தியாவைப் பார்க்க முடிந்ததற்கு அரசின் சலுகை பாதிக் காரணம். மீதிப் பாதி அம்மா தந்த சலுகை. முன்னதற்கு விண்ணப்பம், ரசீது, கையொப்பம் எல்லாம் இருந்தன. பின்னதற்கு டைரியில் ஒரு வரிகூட இல்லை.

அம்மாவிடம் தாஜ்மகாலைப் பற்றிக் கேட்டேன். “கல்லு சுட்டுச்சு. எல்லார் செருப்பையும் யாராவது பாத்துக்கணும்ல, நான் கொஞ்ச நேரம் வெளியவே நின்னேன்” என்றார். காசியைக் கேட்டால், சத்திரத்துக் குழாயில் காலை நான்கு மணிக்குத்தான் தண்ணீர் வரும் என்பதும், அதற்குள் ஐந்து பேர் துணியைத் துவைக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கிறது. கங்கை எப்படி இருந்தது என்பது நினைவில்லை.

இதை என் வீட்டுக் கதையாக மட்டும் நான் சொல்லவில்லை. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். நாளுக்கு ஐந்து மணி நேரம் ஊதியமில்லாமல் செய்யும் வேலைக்கு விடுப்பு கிடையாது. ஆகவே விடுப்புப் பயணமும் கிடையாது. அப்பாவுக்கு அலுவலகத்திலிருந்து பதினான்கு நாள் விடுப்பு. அம்மாவுக்கு இடமாறுதல் மட்டும்தான், சமையலறை இங்கிருந்து காசிக்குப் போனது.

இப்போது காலம் மாறிவிட்டது என்பார்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வாடகைக்குக் கிடைக்கும் தங்கும் வீடுகளின் விளம்பரங்களைப் பாருங்கள். ‘கிச்சன் வசதி உண்டு’ என்பதைச் சலுகைபோலப் போடுகிறார்கள். நான்கு பேர் மூன்று வேளை ஓட்டலில் சாப்பிடும் செலவு மிச்சம் என்று வீட்டு ஆண்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மலிவான குடும்பச் சுற்றுலா என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு பெண் தன் உழைப்பால் மானியம் கொடுத்த சுற்றுலாதான்.

சரி, குடும்பத்தோடு போனால்தானே இது, தனியாகப் போகலாமே என்று வேலைக்குச் சேர்ந்ததும் நானும் நினைத்தேன். போனேன். அப்போதுதான் வேறொரு விலைப்பட்டியல் கண்ணில் பட்டது. என்னோடு வேலை பார்த்த ஆண் நண்பர் இரவு பஸ்ஸில் ஏறி, விடியற்காலை மூன்றரைக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் விடியும்வரை உட்கார்ந்திருப்பார். அவருக்கு ஒரு டீயோடு முடிந்தது. நான் பகல் பஸ்ஸில் போனேன், ஒரு நாள் விடுப்பு கூடுதலாகப் போனது. முந்தின நாளே போய்ச் சேர்வதால் ஓரிரவு அறை வாடகையும் கூடுதல். ஒரு ஊரில் லாட்ஜ்காரர், “தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா” என்று பதிவேட்டை மூடினார். பிறகு அதைவிட இரு மடங்கு வாடகையில் வேறோர் இடத்தில் தங்கினேன். அந்தக் கூடுதல் பணத்தில் என் அறையில் எந்தக் கூடுதல் வசதியும் இல்லை. பெண்ணாக இருந்ததற்கு நான் கட்டிய தொகை அது.

பணமாக எழுத முடியாதவையும் உண்டு. வழியில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருப்பது. கோயில் பயணத்தின் தேதி முடிவாகிவிட்டதால் மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை விழுங்குவது. நம்மில் எத்தனை பேர் மருந்துக் கடையில் அந்த மாத்திரையைத் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறோம்! ஒரு சுற்றுலாவுக்காகத் தன் உடம்பின் நாள்காட்டியையே மாற்றுவது செலவு இல்லையா?

பிரம்மா இயக்கி 2017இல் வெளிவந்த ‘மகளிர் மட்டும்’ படத்தை என் தோழிகளைப் போலவே நானும் கைதட்டிப் பார்த்தேன். ஊர்வசி, சரண்யா, பானுப்பிரியா மூவரும் பள்ளிக்காலத் தோழிகளாக, பல ஆண்டுகளுக்குப் பிறகு சேர்ந்து பயணம் போகிறார்கள். நடுத்தர வயதுப் பெண்கள் வேண்டுதலோ பிரசவமோ இழவோ இல்லாமல், வெறும் மகிழ்ச்சிக்காக வீட்டைவிட்டுக் கிளம்புவதைத் தமிழ்த் திரையில் காண்பது அரிது. அந்த வகையில் அது முக்கியமான படம்தான். ஆனால் அவர்களைக் கிளப்ப ஜோதிகா நடித்த பிரபா என்ற இளம்பெண் தேவைப்படுகிறாள். கதையின் முழு எடையும் ‘அனுமதி’ என்ற ஒன்றின் மேல் விழுகிறது. கதவு திறந்தால் பெண் பறந்துவிடுவாள் என்று படம் நம்புகிறது. கதவு திறந்த பிறகும் கையில் டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும், அது அவள் பணமாக இருக்க வேண்டும். பிரபா இல்லாத வீடுகளில் என்ன ஆகும்?

இந்தக் கேள்விக்குச் சினிமாவைவிட நல்ல பதிலை அரசு பஸ் சொன்னது. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. எத்தனையோ பெண்களின் மாதச் செலவைக் குறைத்த நல்ல திட்டம். ஆனால் அது பெண்ணை வேலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகும். வெளியூர் பஸ்ஸில் அது செல்லாது. கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய ‘சக்தி’ திட்டமோ, மாநிலத்துக்குள் ஓடும் சாதாரண, எக்ஸ்பிரஸ் அரசு பஸ்களிலும் அம்மாநிலப் பெண்களுக்கு இலவசம் என்றது. என்ன நடந்தது? தர்மஸ்தலாவுக்கும் குக்கே சுப்ரமண்யாவுக்கும் போகும் பஸ்கள் பெண்களால் நிரம்பி வழிந்தன. உடனே கேலியும் வந்தது. வீட்டைப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறார்கள், புருஷன் பட்டினி கிடக்கிறான் என்றெல்லாம்.

அந்தக் கேலி ஓர் உண்மையைத் தன்னை அறியாமல் ஒப்புக்கொண்டது. ‘அவளுக்கு எங்கேயும் போகப் பிடிக்காது, வீடுதான் அவளுக்கு உலகம்’ என்று இத்தனை காலம் சொல்லி வந்தார்களே, அது பொய். ஆசை எப்போதும் இருந்தது. இல்லாதது டிக்கெட் பணம். ஒரே ஒரு செலவை எடுத்ததும் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அடுப்பு, பாதுகாப்பு, கழிப்பறை, ஊர்ப் பேச்சு என்று மற்றச் செலவுகளையும் எடுத்தால் எவ்வளவு தூரம் போவார்கள்!

போன தை மாதம் அம்மாவை மட்டும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் தஞ்சாவூர் போனேன். கிளம்பும் முன் அப்பாவுக்கும் தம்பிக்கும் குழம்பு வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கியிருந்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. முதல் நாள் காலை பதினோரு மணிக்குக் கோயில் புல்தரையில் உட்கார்ந்திருந்தபோது, “கை சும்மா இருக்குறது என்னமோ மாதிரி இருக்குடி” என்றார். மறுநாள் அதைச் சொல்லவில்லை. நந்தியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

திரும்பும் பஸ்ஸில், அப்பாவின் பழக்கம் என்னையும் தொற்றியதாலோ என்னவோ, செல்போனில் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

“ரெண்டு நாளா நான் அடுப்பு பத்த வைக்கலையே, அதுக்கு எவ்வளவு போட்ட?”

அந்த வரிக்கு நேராக என்ன தொகை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த பயணத்தில் உங்கள் கணக்கிலும் அந்த வரியைச் சேருங்கள். தொகை தெரியாவிட்டாலும் வரியாவது இருக்கட்டும்.