வீட்டுப் பள்ளியும் இலவசப் பாடமும்

கல்வியைப் பற்றிய விவாதங்களில் ‘இலவசம்’ என்ற சொல்லைப் போல் மக்களைக் கவர்ந்த சொல் வேறில்லை. அதைப் போல் மயக்கத்துக்கு இடமளித்த சொல்லும் வேறில்லை. ஒரு பொருள் இலவசமாகக் கிடைக்கிறது என்றால், அதன் விலையை உண்மையில் யார் செலுத்துகிறார் என்று கேட்பது சமுதாயப் பொறுப்புள்ள விமர்சனத்தின் முதற் கடமையாகும். இன்று அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல குடும்பங்கள் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைக் கொண்டு வீட்டிலேயே கற்பித்து வருகின்றன. இக்குடும்பங்களுக்குக் கைகொடுக்கும் கருவிகளுள் பெரும் புகழ் பெற்றது கான் அக்கடமி. அதனைத் தோற்றுவித்த சல்மான் கான் 2012இல் ‘த வன் வேர்ல்ட் ஸ்கூல்ஹவுஸ்’ என்ற நூலில் தம் கல்விக் கொள்கையை விரித்துரைத்தார். அந்நூலையும், அத்தளத்தைக் கொண்டு வீடுகளில் நடைபெறும் கல்வியையும் ஒருங்கே வைத்து ஆராய்வது பயனுடையது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வங்காளத்திலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு லூசியானா மாநிலத்தில் பிறந்த கான், முதலீட்டு நிறுவனமொன்றில் உத்தியோகம் பார்த்தவர். 2004இல், தொலைவில் வாழ்ந்த உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசியின் உதவியோடு கணிதம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். 2006இல் தம் பாடங்களைக் காணொளிகளாக யூடியூப்பில் வெளியிட்டார். 2008இல் இலாப நோக்கற்ற நிறுவனமாகக் கான் அக்கடமி பதிவாயிற்று. 2009இல் அவர் உத்தியோகத்தைத் துறந்தார். 2010இல் கேட்ஸ் அறநிறுவனமும் கூகிள் நிறுவனமும் பெருந்தொகைகளை நன்கொடையாக அளித்தன. விளம்பரமின்றி, கட்டணமின்றி, எந்த நாட்டுப் பிள்ளையும் தொடக்கக் கணிதம் முதல் நுண்கணிதம் வரை கற்கலாம் என்ற நிலை உருவாயிற்று. தனிப்பட்ட போதனைக்குப் பணங் கொடுக்க வழியில்லாத மாணவனுக்கு இது பெரும் உதவி என்பதை எவரும் மறுக்க முடியாது.

இத்தளத்தைக் கொண்டு வீட்டுப் பள்ளி எவ்வாறு அமைகிறது என்பதை இனி நோக்குவோம். தாயோ தந்தையோ ஆசிரியர் என்ற பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, ஒரு ‘வகுப்பை’ உருவாக்கி, தம் பிள்ளையை அதில் மாணவராகச் சேர்க்கின்றனர். பாடநெறி அலகுகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வோர் அலகிலும் காணொளி, வாசிப்பு, பயிற்சி, சிறுதேர்வு என்பன உண்டு. எந்தப் பயிற்சி எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பதைப் பெற்றோர் குறித்துவிடலாம். பிள்ளையின் விடைகளைக் கணினி உடனுக்குடன் திருத்தி, முயற்சித்தது, பழகியது, தேர்ச்சி, முழுத்தேர்ச்சி எனப் படிப்படியாகக் கணக்கு வைக்கும். உற்சாகமூட்டப் புள்ளிகளும் பதக்கங்களும் உண்டு. 2020 மார்ச் மாதத்தில், கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, நான்கு வயது முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைகளுக்கு நாளாந்த நேரசூசிகளையும் இந்நிறுவனம் வெளியிட்டது.

திருத்தும் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது, நேரசூசியும் ஆயத்தமாகிவிட்டது. அப்படியானால் எஞ்சியிருக்கும் வேலை என்ன? எஞ்சியிருப்பது பள்ளியின் வேலை முழுவதும் என்றே சொல்ல வேண்டும். காலையில் பிள்ளையை எழுப்பி அமரச் செய்வது, விளங்காத இடத்தில் வேறு வழியில் விளக்குவது, சலிப்புற்றவனைத் தேற்றுவது, எழுதிய கட்டுரையைப் படித்துக் குறை சொல்வது, ஆய்வுகூடப் பரிசோதனைக்குப் பொருள் தேடுவது, விளையாட்டுத் தோழரைக் கண்டுபிடிப்பது, மதிய உணவு சமைப்பது ஆகிய அனைத்தும் வீட்டின் தலையில் விழுகின்றன. பாடசாலையில் பலர் பகிர்ந்து கூலிபெற்றுச் செய்யும் இவ்வுழைப்பு, வீட்டில் ஒருவரால் கூலியின்றிச் செய்யப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் அவர் தாய். அவர் தம் தொழிலை விட்டால்தான் இது இயலும். மற்றவரின் சம்பளம் குடும்பத்துக்குப் போதுமானதாய் இருந்தால்தான் அவர் தொழிலை விட இயலும். இருவரும் உழைத்தும் வாடகைக்குத் திண்டாடும் குடும்பத்துக்கு, அல்லது தனியொருத்தி உழைத்துப் பிள்ளை வளர்க்கும் வீட்டுக்கு, பாடம் எவ்வளவுதான் இலவசமாயினும் வீட்டுப் பள்ளி எட்டாக் கனியே. பாடத்தின் விலை நீங்கிய இடத்தில் நேரத்தின் விலை வந்து நிற்கிறது. நேரமோ வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்ட அளவில் வாய்க்கும் செல்வம்.

நீதியுடன் கூறுவதாயின், கானின் நூல் பிள்ளைகளை வீட்டில் அடைத்துவைக்குமாறு கூறவில்லை. அதன் வாதம் வேறு. வயதைக் கொண்டு பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரித்து, மணியடித்ததும் பாடத்தை மாற்றி, விளங்கினாலும் விளங்காவிட்டாலும் அடுத்த அலகுக்கு நகர்த்தும் முறையை அவர் கண்டிக்கிறார். ஒன்றை முற்றக் கற்ற பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும் என்கிறார். சொற்பொழிவைக் காணொளிக்கு விட்டுவிட்டால், ஆசிரியர் பிள்ளையோடு நேருக்கு நேர் உழைக்க நேரம் கிடைக்கும் என்கிறார். பல வயதினரும் பல ஆசிரியர்களும் ஒன்றுகூடி இயங்கும் பெரிய வகுப்பறை அவர் காணும் கனவு. நெரிசலான வகுப்பில் பின்வாங்கிலில் அமர்ந்து, பின்னத்தில் தடுக்கி விழுந்தவன் இயற்கணிதத்தில் எழும்ப முடியாமற் போவதை நாம் நாளும் காண்கிறோம். இக்கண்டனத்தை முற்போக்காளர் ஏற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் நூலின் மிகச் சிறந்த சான்றே நூலின் நம்பிக்கைக்கு மறுப்பாக அமைந்துவிடுகிறது. அந்த உறவுக்காரச் சிறுமி முன்னேறியது காணொளியைப் பார்த்து அன்று. அவளை அறிந்த, அவள்மீது பரிவுள்ள, அவள் தயங்கும் இடத்தைக் குரலிலிருந்தே உணரக்கூடிய ஒருவர் தம் ஓய்வு நேரத்தைச் செலவிட்டதனாலேயே அவள் முன்னேறினாள். காணொளி பின்னர் வந்தது. கோடிக்கணக்கானோருக்குப் பரப்ப முடிந்தது பாடத்தை மட்டுமே. அந்த உறவைப் பரப்ப முடியவில்லை. கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையும், தனி ஆசிரியர் ஒருவரின் துணையோடு முழுத்தேர்ச்சி முறையில் கற்ற மாணவர்கள் வழமையான வகுப்பு மாணவர்களை வெகுவாக விஞ்சினர் என்றே கூறியது. அங்கும் பேசப்பட்டது மனித ஆசிரியரைப் பற்றித்தான்.

இதற்கு நடைமுறைச் சான்றும் உண்டு. 2014இல் கான் தம் கொள்கைகளைச் செயற்படுத்திக் காட்டக் கலிபோர்னியாவில் ‘கான் லாப் ஸ்கூல்’ என்ற உண்மையான பள்ளியை நிறுவினார். அது கட்டணம் அறவிடும் தனியார் பள்ளி. 2023இல் அக்கடமி ‘கான்மிகோ’ என்ற செயற்கை நுண்ணறிவுப் போதகரை அறிமுகப்படுத்தியது. அதற்கும் பெற்றோரிடம் மாதந்தோறும் சில டொலர்கள் அறவிடப்பட்டன. இதைத் தனிமனிதரின் கபடம் என்று தூற்றுவது மலினமான விமர்சனம். ஆசிரியரும் கட்டடமும் தோழரும் உள்ள இடத்துக்குச் செலவு உண்டு என்ற பொருளாதார உண்மையே இங்கு வெளிப்படுகிறது. அச்செலவைச் சமுதாயம் ஏற்காவிடின் பெற்றோர் ஏற்க வேண்டும். ஏற்க இயலாத பெற்றோரின் பிள்ளைக்குத் திரையில் தோன்றும் பாடம் மட்டுமே மிஞ்சும்.

நூலின் பெருங்குறை அதன் வரலாற்றுப் பார்வையில் உள்ளது. இன்றைய பள்ளி, கீழ்ப்படிதலுள்ள குடிகளை உருவாக்கப் பிரஷ்ய அரசு வகுத்த முறையின் வாரிசு என்கிறார் கான். இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இது பாதி வரலாறு. பொதுப் பள்ளியை ஆளுவோர் மட்டும் கட்டவில்லை. ஆளப்பட்டோர் கேட்டும் பெற்றனர். 1829ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிலடெல்பியாவிலும் நியூயோர்க்கிலும் தோன்றிய தொழிலாளர் கட்சிகளின் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று, எல்லோருக்குமான பொதுப் பள்ளி. தருமப் பள்ளியில் ஏழை என்ற முத்திரையோடு படிக்கத் தம் பிள்ளைகளை அனுப்ப அத்தொழிலாளர் மறுத்தனர். உள்நாட்டுப் போருக்குப் பின், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களே தென் மாநிலங்களில் பொதுக்கல்விக்கு வித்திட்டனர் என்பதை டு போய்ஸ் 1935இல் வெளியான தம் பெருநூலில் நிறுவினார். போராடிப் பெற்ற ஒன்றைச் சுமத்தப்பட்ட ஒன்றாக மட்டும் காட்டினால், அதைக் கைவிடுவது விடுதலை போலத் தோன்றும்.

இவ்வாறு கைவிடும் மனநிலை கானிடமிருந்து தொடங்கவில்லை. ஜோன் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1964இல் எழுதிய ‘ஹவ் சில்ட்ரன் பெயில்’ என்ற நூல், வகுப்பறையில் அச்சம் எவ்வாறு அறிவைக் கொல்கிறது என்பதை நுட்பமாகக் காட்டியது. ஆசிரியராய் இருக்கும் எவரும் படிக்க வேண்டிய நூல் அது. பள்ளியைத் திருத்தலாம் என்று நம்பிய அவர், நாளடைவில் அந்நம்பிக்கையை இழந்தார். 1977இல் வீட்டுக்கல்விக்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். 1981இல் ‘டீச் யுவர் ஓன்’ என்ற நூலில், உங்கள் பிள்ளைக்கு நீங்களே கற்பியுங்கள் என்றார். மற்றவர்களின் பிள்ளைகள் என்னாவார்கள் என்ற கேள்விக்கு அவ்வழியில் போதிய விடை இல்லை. சமுதாய விமர்சனமாகத் தொடங்கியது குடும்பத் தீர்வாகச் சுருங்கிற்று. வேறு நோக்கங் கொண்ட சமயப் பழமைவாதிகளும் அதே பாதையில் வந்து சேர்ந்தனர். 1993க்குள் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாயிற்று.

ஆயினும் பாடசாலையை விட்டு விலகுவோர் யாவரையும் பிற்போக்காளர் எனத் தள்ளிவிடுவது யதார்த்தத்துக்குப் புறம்பானது. அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுப் பணியகத்தின் ஆய்வுப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகளுள்ள குடும்பங்களில் வீட்டுக்கல்வியை மேற்கொண்டவை 2020இன் வசந்தகாலத்தில் 5.4 சதவீதம், அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் 11.1 சதவீதம். கறுப்பினக் குடும்பங்களிடையே அது 3.3இலிருந்து 16.1 சதவீதமாக உயர்ந்தது. நோயச்சம் ஒரு காரணம். வகுப்பறையில் தம் பிள்ளைகள் இழிவாக நடத்தப்படுவதும், அற்பக் குற்றங்களுக்குக் கடுந்தண்டனை பெறுவதும் மற்றொரு காரணம். அவமதிக்கும் பள்ளியிலிருந்து பிள்ளையை மீட்கும் தாயைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. குற்றம் பள்ளியை அவ்வாறு வைத்திருக்கும் சமுதாயத்தினுடையது.

ஆனால் பொதுப் பள்ளியே இல்லாமற் போனால் நிகழ்வது என்ன என்பதற்கும் அதே மக்களின் வரலாறு சாட்சி பகர்கிறது. வெர்ஜீனியா மாநிலத்தின் பிரின்ஸ் எட்வேர்ட் பிரதேசத்தில், கறுப்பின உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் பள்ளியின் இழிநிலையை எதிர்த்து 1951இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் வழக்கு, 1954இல் இனவாரிப் பள்ளிகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற வழக்கின் ஓர் அங்கமாயிற்று. அத்தீர்ப்பின்படி வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வாங்கில் அமர்வதைவிடப் பள்ளிகளை மூடுவதே மேல் என்று அப்பிரதேச ஆட்சியாளர் துணிந்தனர். 1959 முதல் 1964 வரை பொதுப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தோன்றியது. கறுப்பினத் தாய்மாரும் ஆசிரியைகளும் தேவாலயங்களின் நிலவறைகளில் தம்மால் இயன்றதைச் சொல்லிக்கொடுத்தனர்; சில பிள்ளைகள் தூரத்து உறவினரிடம் அனுப்பப்பட்டனர்; பலர் படிப்பையே இழந்தனர். கற்பிக்கும் ஆர்வமும் தாயின் அன்பும் அங்கே குறைவாக இருக்கவில்லை. இல்லாதிருந்தது பொதுப் பள்ளி ஒன்றே.

பிள்ளையின் நிலையிலிருந்தும் இதனை நோக்க வேண்டும். பென்சில்வேனியாவில் வீட்டுப் பள்ளி நடத்துவோர் ஆண்டுக்கு 180 நாட்கள் கற்பித்ததற்குப் பதிவு வைத்து, பிள்ளையின் வேலைகளைத் தொகுத்து, தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் காட்ட வேண்டும். டெக்சாஸில் எவருக்கும் அறிவிக்கவே தேவையில்லை. அங்கு ஒரு பிள்ளை கற்கிறதா, நலமாய் இருக்கிறதா என்பதைக் குடும்பத்துக்கு வெளியே எவரும் அறியாத நிலை ஏற்படலாம். கணினித் திரையில் ‘முழுத்தேர்ச்சி’ என்று பதிவாகும் பிள்ளையின் கன்னத்தில் உள்ள காயத்தை அத்திரை காணாது, வகுப்பாசிரியை காண்பாள். வேறு வீட்டின், வேறு மதத்தின், வேறு நிறத்தின் பிள்ளையோடு ஒரு பென்சிலைப் பகிர்ந்துகொள்ளும் கல்வியையும் எந்தப் புள்ளித் திட்டமும் அளிக்காது.

இலங்கையில் நமக்கும் இந்த விவாதம் அந்நியமானதன்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் நடைமுறைக்கு வந்த கல்விச் சீர்திருத்தத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லுக்குத் திட்டவட்டமான பொருள் இருந்தது: செலவைச் சமுதாயம் முழுவதும் ஏற்கும், பிள்ளை எந்த வீட்டில் பிறந்தாலும் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை அதற்கு இடமுண்டு என்பதே அப்பொருள். இணையத் தளம் தரும் இலவசத்தின் பொருள் வேறு: பாடம் இதோ இருக்கிறது, மற்றவற்றை நீயே பார்த்துக்கொள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை தேடி மலைமேல் ஏறிய நம் கிராமத்துப் பிள்ளைகள் இவ்விரண்டு பொருள்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தம் கால்களால் அளந்தார்கள்.

ஆகவே கருவியை வெறுப்பது நம் பணியன்று. ஆசிரியத் தோழர்கள் அந்தப் பாடங்களை வகுப்பறைக்குள் கொண்டுவரட்டும். பின்வாங்கிலில் இருப்பவன் தடுக்கிய இடத்துக்கு மீண்டும் சென்று கற்க அவற்றைப் பயன்படுத்தட்டும். மாணவர்கள் கிராம நூலகங்களில் ஒரு திரையைச் சுற்றி நால்வராய் அமர்ந்து கற்கட்டும். ஆனால் பாடம் இலவசமாய்க் கிடைக்கிறதே, இனி ஆசிரியர் எதற்கு, பள்ளிக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்கும் குரல் எழும்போது, அது எந்த வர்க்கத்தின் குரல் என்பதை அடையாளங் காண வேண்டும். பள்ளியின் குறைகளை மூடிமறைக்காமல் எடுத்துச் சொல்வோம். அவற்றைத் திருத்தும் போராட்டத்தைப் பள்ளிக்குள்ளே நின்று, எல்லோருடைய பிள்ளைகளையும் மனத்திற் கொண்டு நடத்துவோம்.