எண்ணைக் காக்காத காவல்

மகளிர் குழுக் கடனுக்கு, நகை அடகுக்கு, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, இ-சேவை மையத்தில் ஒரு சான்றிதழ் வாங்க என்று எழுமலை போன்ற ஊரில் எங்கே போனாலும் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தாக வேண்டும். சில நாளில் உடனடிக் கடன், மனை விற்பனை, ஆன்லைன் ரம்மி என்று செய்திகள் வரத் தொடங்கும். எண் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது மட்டும் தெரியாது. இந்தத் தொல்லைக்கு எதிராகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அமைத்திருக்கும் காவலை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

2007இல் வந்த முதல் விதிமுறை, தொல்லை வேண்டாம் என்பவரைப் பதிவு செய்யச் சொன்னது. பதியாதவர் எல்லாரையும் அழைக்கலாம் என்றே அதற்குப் பொருள். 2018 ஜூலையில் வந்த விதிமுறை பொறுப்பின் பெரும்பகுதியை அனுப்புபவர் பக்கம் திருப்பியது. நிறுவனம் தன் பெயரையும், செய்தியின் தலைப்பு எழுத்துகளையும், வாசக மாதிரியையும் முன்கூட்டியே பதிய வேண்டும். பொருந்தாத செய்தி வழியிலேயே நிற்கும். இது உண்மையான முன்னேற்றம். அனுப்பியவர் இன்னார் என்று கண்டுபிடிக்க முடிகிறது.

இதற்கு விலையும் கொடுத்தோம். 2021 மார்ச் 8 அன்று, பதிந்த மாதிரியோடு செய்தியைப் பொருத்திப் பார்க்கும் சோதனை முழுமையாக அமலானதும், நாடெங்கும் வங்கி ஓடிபிகள் வராமல் நின்றன. டிராய் ஒரு வாரம் தள்ளிவைத்தது. வாசகங்களை நேரத்தில் பதியாத நிறுவனங்களின் மெத்தனத்தை வைத்து விதியைப் பழிப்பது நியாயமில்லை என்றே நினைக்கிறேன்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. பதிவு செய்யாத வியாபாரி சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து கூப்பிடுகிறார். இல்லையென்றால் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகிறார். வாட்ஸ்அப் இந்த வலைக்குள் வராது. சாதாரண எண்களைப் பொறுத்தவரை 2025 பிப்ரவரித் திருத்தம் பிடியை இறுக்கியது: ஓர் எண்ணின் மீது நடவடிக்கை எடுக்க முன்பு ஏழு நாளில் பத்துப் புகார் வேண்டும், இப்போது பத்து நாளில் ஐந்து போதும். புகார் செய்யவும் மூன்று நாளுக்குப் பதில் ஏழு நாள் அவகாசம். நல்லதுதான். ஆனால் காட்டு வேலை முடிந்து வரும் பெண் 1909 என்ற புகார் எண்ணுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பாரா? அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். விளம்பரம், சேவை, அரசு என்று வகை காட்ட அதே திருத்தம் சேர்த்த ஒற்றை எழுத்துகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, இந்த ஏற்பாடு செய்தியைச் சோதிக்கிறதே தவிர, எண்கள் அடங்கிய பட்டியல் கசியும் இடத்தைத் தொடுவதில்லை என்பது. கடன் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் ஒரு வரிக்குப் போடும் கையெழுத்தே சம்மதமாகிவிடுகிறது. பில் போட எண்ணைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதம் கடைகளுக்கு அறிவுறுத்தியது, கேட்பது நிற்கவில்லை.

2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேரைத் தொடுகிறது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். சம்மதம் கேட்கும் வாசகத்தைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு மேலும் பதினெட்டு மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். அதுவரை கூட்டுறவுச் சங்கமும் பள்ளியும் காத்திருக்கத் தேவையில்லை. எண் எதற்கு, யாருக்குத் தருவோம், எப்போது அழிப்போம் என்று மூன்று வரி தமிழில் அச்சடித்துப் படிவத்தின் தலையில் போட இன்றைக்கே முடியும்.