கல்லாப்பெட்டி இல்லாத காப்பிக்கடை

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடருக்கு ஆண்டு நிறைவு வரும்போதெல்லாம் நம் பக்கம் ஒரு துக்க விசாரிப்பும் கூடவே வந்துவிடும். 2024 செப்டம்பரில் அந்த அமெரிக்கத் தொடருக்கு 30 வயது நிறைந்தபோதும் வந்தது. 1999இல் ஜீ டிவி அதையே இந்தியில் ‘ஹலோ ஃப்ரெண்ட்ஸ்’ என்று எடுத்தது. சைரஸ் புரோச்சா, நிகில் சின்னப்பா, சிமோன் சிங், மரியா கொரெட்டி என்று நகரத்து முகங்கள். உட்கார்ந்து அரட்டையடிக்க ஒரு காப்பிக்கடை. 26 அத்தியாயங்களோடு கதை முடிந்தது. “காலத்துக்கு முந்தி வந்துவிட்டது, நம் சனங்களுக்கு அந்த ருசி பழகவில்லை” என்பதுதான் அன்று முதல் இன்றுவரை சொல்லப்படும் சமாதானம். தமிழில் 2020இல் ‘டைம் என்ன பாஸ்’, ‘டிரிபிள்ஸ்’ என்று அடுத்தடுத்து வந்த இரண்டு நகைச்சுவைத் தொடர்களும் ஒரு சீசனோடு நின்றபோது, இந்தச் சமாதானத்தையே தூசி தட்டி எடுத்தார்கள். மாமியார் மருமகள் அழுகையில் ஊறிப்போன சனம், வேறென்ன செய்யும் என்றார்கள்.

இந்த வாதத்தில் எனக்கு ஒருநாளும் சம்மதமில்லை. அதில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. நடிப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ‘டிரிபிள்ஸ்’ தொடரில் விவேக் பிரசன்னாவின் முகத்துக்கே பாதிச் சிரிப்பு வந்துவிடும். அவகாசமும் தரப்படவில்லைதான். பாஸ்டன் நகரத்து மதுக்கடை ஒன்றில் நடக்கும் ‘சியர்ஸ்’ 1982இல் தொடங்கியபோது பார்வையாளர் பட்டியலின் அடிவாரத்தில் கிடந்தது; என்பிசி பொறுத்துக்கொண்டது; பிறகு 11 ஆண்டுகள் ஓடியது. நம் சேனல்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பின்னணியில் ஒட்டவைக்கும் சிரிப்புச் சத்தத்தைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது, அதை விட்டுவிடலாம்.

என் புகார் கடையைப் பற்றியது. நண்பர்கள் கூடும் காப்பிக்கடை என்று ஒன்றைக் கட்டி வைக்கிறார்கள். அதில் சோபா இருக்கிறது, சுவரில் படம் இருக்கிறது, மஞ்சள் வெளிச்சம் இருக்கிறது. கல்லாவில் ஆள் இல்லை. கோப்பை எங்கிருந்தோ வருகிறது, காலியானதும் எங்கோ போகிறது. யார் காசு கொடுத்தது, யார் கொடுக்காமல் நழுவியது, பால் என்ன விலை, வாடகை எவ்வளவு, எதுவும் தெரியாது. அது கடையே இல்லை. ஒரு பணக்கார வீட்டின் வரவேற்பறையைத் தெருவுக்குக் கொண்டுவந்து பலகை மாட்டியிருக்கிறார்கள். கடையில் நடக்க வேண்டிய சிரிப்பு வரவேற்பறையில் நடக்காது.

ராமேஸ்வரம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் எனக்குத் தெரிந்த டீக்கடை ஒன்று உண்டு. பாய்லருக்குப் பக்கத்தில், சணல் கயிற்றில் ஒரு பற்று நோட்டு தொங்கும். அதில் ஆள் பெயர் இராது. படகு நம்பர்தான். இந்தப் பகுதி விசைப்படகுகளுக்கெல்லாம் முன்னால் வரும் ‘டிஎன் 10 எம்எம்’ பொது என்பதால் மாஸ்டர் அதை எழுதுவதில்லை; பின்னால் வரும் எண்ணை மட்டும் எழுதி, நேர்கீழே டீக்கு ஒரு கோடு, வடைக்கு ஒரு சுழி போடுவார். படகு கரைக்கு வந்து, மீன் விற்று, டீசலும் ஐஸும் கழித்து, பங்கு பிரித்தபிறகுதான் கணக்குத் தீரும். வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகலாம், அதற்கும் டோக்கன் வாங்க வேண்டும். ஆக, போகாத நாளில் குடிக்கும் டீ போகிற நாளின் மீனை நம்பிக் குடிப்பது.

இங்கே சிரிப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு படகின் கணக்கில் அடுத்த படகுக்காரன் இரண்டு வடை தின்றுவிட்டுப் போய்விடுவான். பங்கு பிரிக்கும் அன்று அந்த இரண்டு சுழிக்காகப் பஞ்சாயத்து கூடும். “அண்ணே, நான் வடையே தின்கிறதில்ல, எனக்கு வாயு” என்று ஒருவன் சத்தியம் செய்வான். மாஸ்டர் ஒன்றும் பேசமாட்டார். பாக்கி வைத்தவனுக்கு டீ கடைசியாகத்தான் வரும், வரும்போதும் அதில் ஆடை இருக்காது. யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதைக் கிளாஸின் நிறத்தைப் பார்த்தே பெஞ்சு முழுவதும் தெரிந்துகொள்ளும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வந்தால் கதை இன்னும் சூடு பிடிக்கும். படகு கரையேறிக் கிடக்கும். மராமத்துக்கு வந்த ஆசாரியும் பெயிண்டரும் அதே படகு நம்பரில் டீ குடிப்பார்கள். முதலாளி வந்து நோட்டைப் பார்த்துத் தலையில் கைவைப்பார். நிவாரணப் பணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறிய செய்தி குடும்பத்துக்குப் போகும்முன் மாஸ்டருக்கு எப்படியோ போய்விடும். ஒரு சீசனுக்கு வேண்டிய சரக்கு இதில் கிடக்கிறது. இவ்வளவும் காசைச் சுற்றி நடப்பது. நட்பும் அந்தக் காசுக்குள்தான் நடமாடுகிறது. எவன் தன் கணக்கில் இன்னொருவனுக்கு டீ சொல்கிறான் என்பதில்தான் அவன் யார் என்று தெரியும்.

இதே கடையில் டிவியில் இலங்கைக் கடற்படை படகு பிடித்த செய்தி ஓடும் நாளும் உண்டு. நம்பர் சொல்லும்வரை யாரும் பேசமாட்டார்கள். சொன்னபிறகு மாஸ்டர் நோட்டைத் திறக்கவும் மாட்டார். இப்படிச் சிரிப்பும் அதன் மறுபக்கமும் ஒரே பெஞ்சில் உட்காரும் இடத்துக்குத்தான் ‘கடை’ என்று பெயர்.

‘நெய்தல் கரைக் கதை சரி, நகரத்து இளைஞர்களுக்கு இது எதற்கு’ என்று கேட்பார்கள். நகரத்துக் கதைக்கும் இதே விதிதான் என்று தமிழ் சினிமா எப்போதோ காட்டிவிட்டது. 1964இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ எந்தப் பக்கமிருந்து ஓட்டலைப் பார்த்தது? கே. பாலசந்தரின் கதை, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். மேசைக்கு முன் உட்கார்ந்தவனை விட்டுவிட்டு, கை நிறைய டம்ளரை அடுக்கிக்கொண்டு வருகிற நாகேஷின் பக்கம் நின்று பார்த்தது. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணிக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது; கடை இருந்ததால்தான் பெட்ரோமாக்ஸ் லைட்டும், அதன் மேன்டில் உடைந்ததும் நமக்குக் கிடைத்தன. 1989இல் ‘கரகாட்டக்காரன்’ வாழைப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் என்கிற விலை இல்லையென்றால் அந்தக் காட்சியே இல்லை. ஒரு பழத்தைக் கொண்டுவந்து கணக்குச் சொல்கிற செந்திலும், இன்னொன்று எங்கே என்று துடிக்கிற கவுண்டமணியும் ஐம்பது காசுக்காகச் சண்டை போடுகிறார்கள். மூன்று தலைமுறை அதற்குச் சிரித்தாயிற்று. இந்த ருசி பழகவில்லை என்று யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள்?

இதில் பெரிய வேடிக்கை, பார்த்து எழுதியவர்கள் மூலத்தையும் சரியாகப் பார்க்கவில்லை என்பது. ‘ஃப்ரெண்ட்ஸ்’ காப்பிக்கடையில் ரேச்சல் முதலில் யார்? அப்பா பணத்தை விட்டு வந்து அங்கே காப்பி கொண்டு கொடுத்தவள். முதல் சம்பளத்தில் வரிப் பிடித்தம் போனதைப் பார்த்து அவள் திகைப்பது முதல் சீசனிலேயே வருகிறது. ஆறு பேரில் மூவருக்கு வசதி, மூவருக்குக் கைக்கும் வாய்க்கும் என்பதை வைத்து, ஓட்டல் பில்லைப் பங்கு போடுவதில் மனசு முறிகிற ஓர் அத்தியாயத்தையே இரண்டாம் சீசனில் எழுதினார்கள். கடைக்காரர் கந்தராக வந்த ஜேம்ஸ் மைக்கேல் டைலர் நிஜத்திலும் காப்பிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். பின்னால் நிற்க வந்தவர்களில் அவருக்குத்தான் காப்பி மெஷினை இயக்கத் தெரிந்திருந்தது என்று அவரைக் கல்லாவுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். நெடுநாள் அவருக்கு வசனம்கூடக் கிடையாது. ஆனாலும் அங்கே ஓர் ஆள் வேலை செய்துகொண்டிருந்தார். ‘சியர்ஸ்’ தொடரிலோ நார்ம் என்கிற வாடிக்கையாளரின் தீராத பாக்கியே ஒரு நிரந்தர நகைச்சுவை. நம் டீக்கடைப் பற்று நோட்டுதான், பாஸ்டனில் தொங்குகிறது, அவ்வளவே. நம்மவர்கள் எடுத்துக்கொண்டது சோபாவை மட்டும்.

‘டிரிபிள்ஸ்’ பற்றி என்னிடம் சண்டைக்கு வருபவர்கள் உண்டு. குன்னூர், ஒரு கஃபே, மூன்று நண்பர்கள் என்று அமைந்த கதை. ஸ்டோன் பெஞ்ச் தயாரிப்பு, சாருகேஷ் சேகர் இயக்கம், ஜெய், வாணி போஜன், ராஜ்குமார் எல்லாரும் இருக்கிறார்கள். ஆள்மாறாட்டமும் ஓட்டமும் துரத்தலும் ஏராளம். ஆனால் பார்த்து முடித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: அந்தக் கஃபேயில் ஒரு காப்பி என்ன விலை? காலையில் முதலில் வருகிற வாடிக்கையாளர் யார்? மழை நாளில் வியாபாரம் எப்படி? குன்னூர் என்பதே சென்னைக்காரர்களின் விடுமுறைக் கனவு, அதில் கஃபே வைப்பது கனவுக்குள் இன்னொரு கனவு. கனவில் யாரும் பில் போடுவதில்லை. கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்கிறேன். எட்டு அத்தியாயமும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்தியிலேயே வேறு மாதிரி ஒன்று நடந்திருக்கிறது. 1986இல் தூர்தர்ஷனில் ‘நுக்கட்’ வந்தது. சயீத் மிர்சாவும் குந்தன் ஷாவும் எடுத்தது. எலக்ட்ரீஷியன் குரு, சைக்கிள் ரிப்பேர்க்கார ஹரி, சதா போதையில் திரியும் கோப்டி, இவர்களெல்லாம் கூடும் ஓட்டலின் முதலாளி காதர்பாய். நகரத்து மூலையில், ஒரு சாப்பாட்டுக்கடையைச் சுற்றிய நண்பர் கூட்டம்தான் அதுவும். ஆளுக்கு ஒரு தொழில் இருந்தது, அந்தத் தொழிலில் காசு போதவில்லை, அதனால் ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட்டார்கள். 40 அத்தியாயங்கள். கோப்டியாக நடித்த சமீர் கக்கர் கடைசிவரை அந்தப் பெயராலேயே அறியப்பட்டார். அரசாங்கச் சேனல், அரையணா செலவு, சிரிப்புச் சத்தம் ஒட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. 13 ஆண்டு கழித்து ‘ஹலோ ஃப்ரெண்ட்ஸ்’ வந்தபோது அதே நாட்டுச் சனம், அதே இந்தி. அப்போது எது காலத்துக்கு முந்தி வந்தது, எது பிந்தி வந்தது?

எங்கள் கடற்கரை டிவிக்குப் புதிதும் அல்ல. சென்னை நிலையம் சரியாக எட்டாத காலத்தில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாஹினியைப் பார்த்த ஊர்கள் இவை; மொழி புரியாத நிகழ்ச்சியைக்கூடக் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ராமேஸ்வரத்திலேயே 300 மீட்டருக்கும் மேல் உயரமான தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. இத்தனைக்கும் பிறகு, பார்ப்பவனுக்குப் பக்குவம் போதாது என்று ஏசி அறையில் உட்கார்ந்து சொல்வதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

இன்னொரு ஓடிடி நிறுவனம் இன்னொரு நண்பர் கூட்டத்துக்கும் இன்னொரு கஃபேவுக்கும் நாளைக்கே பணம் போடத்தான் போகிறது. சோபாவுக்கு ஆர்டர் கொடுக்கும்முன் டீ மாஸ்டராக யாரைப் போடுவது என்று முடிவு செய்யட்டும். அவருக்கு மாத வாடகை எவ்வளவு, பால்காரனுக்கு எத்தனை நாள் பாக்கி என்பதையும் எழுதட்டும். கதாநாயகனை அதற்கப்புறம் தேடலாம், அவன் எப்படியும் கடன் சொல்லத்தான் உள்ளே வருவான்.