0.3 பிபிஎம் எதைச் சொல்கிறது?

பறத்தல்நேர நிறைமாலைமானி உள்ள ஆய்வகத்தில் ஒரு மூலக்கூற்றுச் சூத்திரத்தைச் சந்தேகித்தால், உடனே வரும் பதில் இது: "காலையில்தான் காலிபிரேஷன் செய்தோம், சராசரிப் பிழை 0.3 பிபிஎம்." அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது முடியக் கூடாத இடம்.

அந்தக் காலிபிரேஷனுக்குப் பயன்படும் சோடியம் ஃபார்மேட் நல்ல அளவுகோல்தான். விலை குறைவு. அதன் கொத்து அயனிகள் 90.9766இல் தொடங்கி 67.9874 இடைவெளியில் வரிசையாக வரும். அவற்றின் நிறையில் ஐயத்துக்கே இடமில்லை. இதை யாரும் மறுக்கவில்லை.

அந்த 0.3 எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். முதல் பத்துக் கொத்துகளை, அதாவது 91 முதல் 703 வரை, எடுத்து ஐந்தாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றைப் பொருத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆறு கெழுக்கள். பத்துப் புள்ளிகளில் ஆறு அங்கேயே செலவாகிவிட்டால், வளைவைச் சோதிக்க மிஞ்சுவது நான்கே. வளைவு இரைச்சலையும் சேர்த்துத் தழுவிக்கொள்ளும். படியைக் கூட்டக் கூட்ட அறிக்கையில் பிழை சுருங்கும்; முன்பின் தெரியாத சேர்மத்தின் நிறை அதனால் ஒரு துளியும் துல்லியமாகாது. பொருத்தப் பயன்பட்ட புள்ளிகளிலேயே அளந்த விலகல் அது. அதற்குத் துல்லியம் என்று பெயர் சூட்டுவதைப் பல ஆண்டுகளாக எதிர்த்து வருகிறேன். 703க்கு மேலே புள்ளியே கிடையாது. அங்கே வளைவு எந்தப் பக்கம் போகிறது என்று அறிக்கை சொல்லாது. அங்கே ஒரு பெப்டைடை அளந்துவிட்டு 0.3ஐக் காட்டுபவர், தான் அளக்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறார்.

'லாக் மாஸ் இருக்கிறதே' என்பார்கள், மாதிரியோடு கூடவே அளக்கும், நிறை தெரிந்த ஒற்றைப் பொருளை. இருக்கட்டும். அயனிகள் பறக்கும் துருவேறா எஃகுக் குழாய் ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 16 பிபிஎம் நீளும். நிறை பறக்கும் நேரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் பிழை 30ஐத் தாண்டும். லாக் மாஸாக ஓட்டும் லூசின் என்கெஃபாலினின் 556.2766 அந்த நகர்வைச் சரிசெய்யும். ஆனால் ஒற்றைப் புள்ளியால் வளைவை மொத்தமாக நகர்த்தத்தான் முடியும், அதன் கோணலை நிமிர்த்த முடியாது. 556இல் பிழை பூச்சியம் என்பதும் நாமே வரவழைத்த பூச்சியம்தான்.

இது வெறும் சம்பிரதாயச் சண்டை அல்ல. மூன்று கார்பனுக்கும், ஒரு கந்தகமும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதிக்கும் உள்ள நிறை வேறுபாடு 0.0034. நிறை 500இல் அது 7 பிபிஎம்மைக்கூட எட்டாது. வளைவு அந்த அளவு விலகினால் கந்தகமே இல்லாத சேர்மத்தில் கந்தகம் முளைக்கும். அச்சேறிய பிறகு யார் திருத்துவது?

வழி எளிது. ஏழாவது கொத்தை, 498.9012ஐ, பொருத்தத்திலிருந்து விலக்கிவிட்டு வளைவு அதை எங்கே காட்டுகிறது என்று பார்க்கலாம். சர்ப்பகந்தியில் கிடைக்கும் ரெசர்பினை, 609.2807ஐ, மாதிரிகளுக்கு நடுவே ஓட்டலாம். 703க்கு மேல் அளப்பதாக இருந்தால் அங்கேயும் ஒரு சாட்சிப் பொருள் வேண்டும். ஆய்விதழ்கள் கேட்க வேண்டியது இந்த எண்களைத்தான். காலை அறிக்கையை அல்ல.