துறைமுக நகரம்: திறைசேரிக்கு மிஞ்சுவது எவ்வளவு?

மாலையானால் காலி முகத்திடலில் இறால் வடை வண்டிகளில் எண்ணெய் கொதிக்கத் தொடங்கிவிடும். வண்டிக்காரர் மாவை உள்ளங்கையில் தட்டி, மேலே இரண்டு இறாலை அழுத்தி, விளிம்போரமாக எண்ணெயில் வழுக்கி விடுவார். அந்த அடுப்பில் எரியும் எரிவாயுவின் விலைக்குள் 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற் வரி அடங்கியிருக்கிறது. அவருக்கு வடக்கே, முன்பு அலை மட்டுமே இருந்த இடத்தில் கொழும்புத் துறைமுக நகரம் பரந்து கிடக்கிறது. அங்கே தெரிவுசெய்யப்படும் நிறுவனங்களுக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்கு அளிக்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. இத்திட்டத்தால் நாட்டுக்கு என்ன நன்மை என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை அரசு கடன் வாங்கிக் கட்டியது. 2017இல் அதை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்க நேர்ந்தது. துறைமுக நகரத்திலோ கடலை நிரப்பும் செலவைச் சைனா ஹாபர் நிறுவனம் ஏற்றது. ஆரம்ப முதலீடு 1.4 பில்லியன் டொலர். உருவான 269 ஹெக்டேயரில் 116 அந்த நிறுவனத்தின் குத்தகைக்குப் போக, 62 ஹெக்டேயர் அரசு சந்தைப்படுத்தக்கூடிய நிலமாகக் கையில் நிற்கிறது. எஞ்சியது பூங்கா, வீதி, கடற்கரை. கொழும்பின் நெஞ்சுப் பகுதியில் இத்தனை நிலம் கடனில்லாமல் கிடைத்தது சிறிய காரியமல்ல. 2014 உடன்படிக்கையில் 20 ஹெக்டேயர் நிறுவனத்துக்கு முழு உரிமையாகவே எழுதப்பட்டிருந்தது. 2015 மார்ச்சில் வேலை நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு மீண்டும் பேசியபோது அதுவும் குத்தகையாக மாறியது. உறுதியாக நின்று பேசினால் நிபந்தனை மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

வரி விடயத்தில் அந்த உறுதியைக் காணவில்லை. 2021 மேயில் நிறைவேறிய கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம், முதலீட்டாளர் திணைக்களம் திணைக்களமாக அலையாமல் ஒரே இடத்தில் அனுமதி பெற வழிசெய்தது. அது வரவேற்கத்தக்கதே. பல பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு திருத்தங்களும் வந்தன. ஆனால் வருமான வரி, வற், சுங்கத் தீர்வை, சூதாட்ட வரி வரை விலக்கக்கூடிய நீண்ட பட்டியல் சட்டத்தில் தங்கிவிட்டது. 2019 டிசம்பரில் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்து, திறைசேரி வற்றிக்கொண்டிருந்த நேரம் அது. சட்டம் நிறைவேறி ஓராண்டு கழிவதற்குள், 2022 ஏப்ரலில், நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது.

இத்தகைய திட்டங்களுக்கான மதிப்பீடுகள் வேலைவாய்ப்பையும் முதலீட்டையும் முன்னிறுத்தும். திறைசேரிக்கு வேண்டியது கழித்த பிறகு மிஞ்சும் தொகை. கொழும்புக் கோட்டையில் வாடகைக்கு இருந்து 30 சதவீத வரி கட்டும் ஒரு நிறுவனம் கூப்பிடு தூரத்திலுள்ள புதிய நிலத்துக்குக் குடிபெயர்ந்தால், துறைமுக நகரக் கணக்கில் அது வரவு. நாட்டுக் கணக்கில் இழப்பு. நகரத்தின் எல்லைவரை தண்ணீர், மின்சாரம், வீதி கொண்டுவரும் செலவு அரசுடையது. அதையும் கழிக்க வேண்டும்.

இன்னொன்று, பலரும் பேசாதது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் எங்கு இயங்கினாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்டவேண்டும் என்று 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் உடன்பட்டன. பல நாடுகள் அதை நடைமுறைப்படுத்தத் தொடங்கிவிட்டன. அந்த ஏற்பாட்டில் அடங்கும் நிறுவனத்திடம் கொழும்பு வாங்காமல் விடும் வரியை, அதன் தாய்நாடு வாங்கிக்கொள்ள முடியும். அப்போது நாம் கொடுத்த சலுகை முதலீட்டாளரிடம்கூடப் போய்ச் சேராது.

வரிச்சலுகை இல்லாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பார்கள். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்திலும் வரி விடுமுறை இருந்தது. ஆனால் அங்கு ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியதில் மேற்கு நாடுகளின் இறக்குமதிக் கோட்டாவுக்குப் பெரும் பங்குண்டு. கிழக்காசிய உற்பத்தியாளர்கள் தம் நாட்டுக் கோட்டா தீர்ந்ததும் இங்கே வந்தார்கள். எழுத்தறிவுள்ள தொழிலாளர், பக்கத்தில் விமான நிலையம், துறைமுகம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வலயம் எழுந்தது.

எந்தக் கணக்கிலும் முழுதாக ஏறாத ஒரு செலவு நீர்கொழும்புக் கரையில் இருக்கிறது. நிலம் நிரப்ப அள்ளிய ஏறத்தாழ 65 மில்லியன் கனமீற்றர் மணல் அந்தக் கரைக்கப்பாலான கடலடியிலிருந்து வந்தது. மீன் இனம்பெருகும் இடங்கள் அழிகின்றன, கரை அரிக்கிறது என்று மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள். வாழ்வாதார நிதி ஒதுக்கப்பட்டது. அள்ளிய மணலுக்கு ஈடாகக் கடலுக்கு எதைத் திருப்பித் தருவது என்பதற்கு எந்த நிதியிலும் விடையில்லை.

நிலம் உருவாகிவிட்டது, அதைக் கைவிடச் சொல்வது வீண்பேச்சு. அரசின் 62 ஹெக்டேயரைப் பகிரங்க ஏலத்தில் குத்தகைக்கு விடட்டும். குத்தகைப் பணம் உடனே வரும், யாரும் இலாபத்தை மறைத்து அதைக் குறைக்க முடியாது. ஏற்கெனவே அளித்த விலக்குகளை நிறுவனம் வாரியாக, எந்த வரி, எத்தனை ஆண்டு, அதனால் விட்டுக்கொடுத்த ரூபாய் எவ்வளவு என்று வரவுசெலவுத் திட்டத்தோடு சேர்த்து ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும். அந்த வடைக்காரர் கட்டும் வரி, எரிவாயுப் பற்றுச்சீட்டைப் பார்த்தால் எவருக்கும் தெரியும். துறைமுக நகரம் கட்டாமல் விடும் வரியையும் அதே அளவு தெளிவாக நாம் பார்க்க வேண்டும்.