சோழமண்டலத்துச் சிற்பத் தோட்டம்: ஒரு மதிப்பீடு

விடுமுறையில் சென்னை செல்லும் நம்மவர் பலரும் பிள்ளைகளுக்கு மாமல்லபுரத்தைக் காட்டத் தவறுவதில்லை. அதே சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் இறங்குவோரோ சிலரே. தமிழகத்துச் சிற்பக்கலை பல்லவரோடும் சோழரோடும் முடிந்துவிட்டது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கரின் முயற்சியால் 1966-ஆம் ஆண்டில் இக்கிராமம் தோன்றியது. கலைஞர்கள் பாத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்றுச் சேர்த்த பணத்தால் ஏறத்தாழ 10 ஏக்கர் மணல்வெளியை வாங்கினர். ஓவியம் விலைபோகாத நாளிலும் அடுப்பு எரிதல் வேண்டும். அதற்குக் கைத்தொழில் துணைநின்றது. மலையாளம், தெலுங்கு, கன்னடம், தமிழ் எனப் பல மொழியினர் கூடிக் குடியேறிய ஊர் இது. பிழைப்புக்காகப் பிறமொழி மண்ணில் வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று.

2009-இல் திறக்கப்பெற்ற காட்சிக்கூடத்தினுள் உலோகச் சிற்பங்களைக் காணலாம். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி உருவாக்கிய வடிவங்கள், கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசங்களை நினைவூட்டுகின்றன. பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபாலின் படைப்புகளும் முன்னின்று நோக்குதற்கே உரியவை. வெளியே, மரநிழலில் நிற்கும் கருங்கற் சிற்பங்களோ நம்மைச் சுற்றிவரச் செய்கின்றன. இவ்விரு நெறிகளும் நமக்குப் புதியன அல்ல. மாமல்லபுரத்து அருச்சுனன் தபசு முன்னின்று காண்பது. ஐந்து இரதங்களோ வலம்வந்து காண்பவை. மேனாட்டுப் பயிற்சியைக் கற்றறிந்த பின்னரும், முன்முகச் சிற்பத்தை இக்கலைஞர் விரும்பித் தேர்ந்தனர் என்பதே அவர்தம் தனிச்சிறப்பு.

குறையொன்றும் கூறுதல் வேண்டும். அருச்சுனன் தபசில் பாறையின் இயற்கைப் பிளவே கங்கையாயிற்று. இடமும் சிற்பமும் பிரிக்கவொண்ணாதன. சோழமண்டலத் தோட்டத்திலோ கற்கள் சில, வேறெங்கு வைத்தாலும் இவ்வாறே இருக்கும் எனத் தோன்றுகின்றன. மரங்கள் அவற்றிற்கு நிழல் தருகின்றன. அவை மரங்களுக்கு மறுமொழி தருவதில்லை. எனினும், ஒரு தலைமுறைக் கலைஞர் தம் உழைப்பால் நிறுத்திய இடம் இது என்பதால் இக்குறை அதன் பெருமையைக் குறைத்துவிடாது.

அடுத்த விடுமுறையில் ஒரு மணி நேரமேனும் அங்குத் தங்குங்கள். "இது என்ன உருவம்?" எனப் பிள்ளைகளைக் கேட்க வேண்டா, எங்கு நின்றால் நன்றாகத் தெரிகிறது என்று கேளுங்கள். பின்னர் மாமல்லபுரம் செல்லுங்கள். பழஞ்சிற்பங்களையும் அவர்கள் புதிய கண்கொண்டு காண்பர்.