அறத்தொடு நிற்றலும் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியமும்’: பொன்முடித் தோட்டச் சூழலில் ஒரு வாசிப்பு

முன்னுரை

சிறார் இலக்கியம் நீதி புகட்டுவதற்கே உரியது என்னும் எண்ணம் தமிழில் நெடுங்காலம் நிலவியது. குழந்தைகள்மீதான பாலியல் துன்புறுத்தல் அவ்வெல்லைக்கு வெளியே நின்ற பொருளாகும். அவ்வெல்லையைக் கடந்த நூல்களுள் குறிப்பிடத்தக்கது யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’. 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற இந்நாவலை அகமரபின் ‘அறத்தொடு நிற்றல்’ துறையோடு ஒப்பிட்டும், பொன்முடித் தோட்டச் சூழலில் வைத்தும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லுதல் என்னும் அறம்

மறைவில் நிகழ்ந்ததை உரியவர்க்கு முறைப்படி வெளிப்படுத்துதலே அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் எனச் சொல் கைமாறிச் செல்லும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இத்துறையில் அமைந்ததே. அங்கு வெளிப்படுவது காதல். இங்கு வெளிப்பட வேண்டியது கொடுமை. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. எனினும், வெளிப்படுத்துதல் குடும்பத்துக்கு இழுக்கன்று, அதுவே அறம் என்னும் கருத்து இரண்டற்கும் பொதுவாகும்.

இந்நாவலில் பேசும் மரப்பாச்சி தோழியின் இடத்தில் நிற்கிறது. துன்புறுத்துவோன் குழந்தைமேல் ஏற்றும் முதற்சுமை, ‘யாரிடமும் சொல்லாதே’ என்பதாகும். ரகசியம் சொல்லப்பட்டுவிட்டது எனத் தலைப்பே அறிவிப்பது அச்சுமையை இறக்கிவைக்கிறது. தவறான தொடுதலை இனங்காணுதல், அதனைப் பெரியவரிடம் கூறுதல் ஆகிய இரண்டையும் அச்சமூட்டாமல் கதையாக்கியிருப்பது ஆசிரியரின் வெற்றி எனலாம்.

நடுவணரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட சிறாருள் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளானதாகக் கூறினர். துன்புறுத்தியோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர். ‘அந்நியரிடம் பேசாதே’ என்னும் பழைய அறிவுரை போதாது என்பதை இது காட்டுகிறது.

பொன்முடியில் வைத்து வாசித்தல்

இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து செல்லும் பொன்முடி, பயணிகளுக்குக் கோடைத்தலம். அங்குள்ள தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கோ அது உழைப்புக்களம். பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்றபின் குழந்தை அடுத்த வீட்டார் கண்காணிப்பில் இருக்கும். வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம். அகமரபின் செவிலிக்கு இங்கு நிகர் யார் என்னும் வினா எழுகின்றது.

மலையடிவாரத்து விதுராவின் நினைவும் இங்கு வருதல் இயல்பு. 1995இல் வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்ட அவ்வூர்ச் சிறுமி, 1996 ஜூலை வரை பலரால் துன்புறுத்தப்பட்டாள். முதன்மைக் குற்றவாளிக்குக் கோட்டயம் நீதிமன்றம் 24 ஆண்டுச் சிறை விதித்தது 2022 பிப்ரவரியில்தான். சொல்லத் தொடங்கியபின் கால்நூற்றாண்டு காத்திருத்தல் என்பது, சொன்னவருக்கு இழைக்கப்பட்ட இரண்டாம் கொடுமையாகும்.

நாவலின் எல்லை இவ்விடத்தில் புலப்படுகிறது. குழந்தைக்கு உதவ ஒரு மாயப்பொம்மை வாய்க்கிறது. பொம்மை வாய்க்காத குழந்தை யாரிடம் செல்லும்? கேட்கும் செவிகளைக் கதை அமைத்துத் தந்துவிடலாம். வாழ்க்கையில் அவற்றைச் சமூகமே அமைத்தல் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், இரவும் பகலும் இயங்கும் 1098 தொலைபேசி உதவி ஆகியோரும் ஆகியவையும் அச்சங்கிலியின் கண்ணிகளாம். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தலைக் கடமையாக்குகிறது. கேட்டவர் தம்மோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்தவர்க்கு உரைக்க வேண்டும் என்னும் அறத்தொடு நிற்றலின் நெறி இன்று சட்டமாகவே உள்ளது.

முடிவுரை

இந்நாவல் குழந்தைக்குச் சொல்லக் கற்பிக்கிறது. பெரியவருக்குக் கேட்கக் கற்பிக்கும் நூல்களும், லயத்துக் குழந்தையின் மொழியிலும் சூழலிலும் அமைந்த கதைகளும் இனிப் பிறத்தல் வேண்டும். தோழி உரைத்தும் செவிலி கேளாதிருப்பின் அறத்தொடு நிற்றல் என்னும் துறையே இல்லை.